சூனியம் என்பது யாது?



இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொண்டது, நம்மில் பலர் உரத்துப் பேசவும் அஞ்சும் ஒரு பொருளாகும். அமாவாசைக்கு மறுநாட் காலையில் ஜோகுபாளையத்துச் சந்துகளில் நடப்போர், முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும், உடைந்த பூசணிக்காயும், கறுப்புக் கயிறு சுற்றிய முட்டையும் கிடக்கக் காண்பர். கண்டவர் கால் தானே விலகி நடக்கின்றது. மும்மணிகளைச் சரணமடைந்து பஞ்சசீலம் ஏற்றவர் காலும் அவ்வாறே விலகுகின்றது. ஏன் விலகுகின்றது என்பதே இப்பாடத்தின் வினா.

1. சொல்லும் பொருளும்

பில்லி, சூனியம், ஏவல், வைப்பு, செய்வினை எனப் பல பெயர்கள் நம் மக்களிடையே வழங்குகின்றன. மாந்திரீக நூலார் இவற்றை எட்டாக வகுத்து அட்டகர்மம் என்பர். அவை வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என்பனவாம். ஒருவரை மயக்குவது முதல் ஒருவரைக் கொல்வது வரையில் இவ்வெட்டில் அடங்கும். பண்டு ஓலையில் எழுதிவைத்ததை இன்று சுவரொட்டியில் அச்சிடுகின்றனர். பேருந்து நிலையங்களிலும் மின்கம்பங்களிலும் "கணவன் மனைவி ஒற்றுமை, கடன் தொல்லை, பகை விலகல், உடனடித் தீர்வு" என்று தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருப்பதைக் காண்கின்றோம். மாந்திரீகன் நேரில் வருவதுமில்லை. கைப்பேசியிற் பேசிப் பணத்தைக் கைப்பேசியிலேயே பெற்றுக்கொள்கின்றான்.

இப்பெயர்களுள் சூனியம் என்னும் சொல் நம் சிந்தனைக்குரியது. வெறுமை, ஒன்றுமின்மை, கணக்கிற் சுழி என்பன அதன் பொருள்கள். பௌத்த நூல்களில் இது தலையாய சொற்களுள் ஒன்று. உலகம் சூனியம் என்று சொல்லப்படுவது எதனால் என்று ஆனந்தர் வினவியபோது, நான் என்பதும் எனது என்பதும் அற்றிருத்தலால் உலகம் சூனியமெனப்படும் என்று பகவன் விடையளித்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. பிற்காலத்தில் நாகார்ச்சுனர் இச்சொல்லின்மீதே தமது தத்துவத்தை நிறுவினார். அத்தகைய சொல்லே தமிழ்நாட்டில் சூழ்ச்சி வித்தைக்கும் பெயராயிற்று. சிங்களத்திலும் 'ஹூனியம்' என்பது செய்வினையையும் அதற்குரிய தெய்வத்தையும் குறிக்கும். ஆகவே "சூனியம் வைத்துவிட்டான்" என்று ஒருவர் கலங்கும்போது, "ஒன்றுமில்லாததை வைத்துவிட்டான்" என்றே அவர் வாய் சொல்லுகின்றது. காது அதனைக் கேட்பதில்லை.

2. பகவன் வகுத்த நெறி

மந்திர தந்திரங்களைப்பற்றிப் பௌத்தம் வாளாவிருந்ததென்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. திக்க நிகாயத்துச் சாமஞ்ஞபல சூத்திரம், பிக்குகள் பிழைப்புக்காகச் செய்யலாகாத இழிந்த வித்தைகளை நீண்ட பட்டியலாகத் தருகின்றது. கைரேகை, கனவுப்பலன், சகுனம், எலி கடித்த துணிக்குப் பலன் கூறல், மனையின் இலக்கணம் பார்த்தல், பாம்பு மந்திரம், ஒருவர்க்கு நற்பேறோ தீப்பேறோ உண்டாக்கல், நாவைக் கட்டுதல், தாடையைக் கட்டுதல் ஆகியன அதிற் காணப்படும். இன்று நம் தெருவில் வாய்க்கட்டு என்றும் வாஸ்து என்றும் விற்கப்படுவன இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே விலக்கப்பட்ட சரக்குகளாம்.

இராசகிருகத்தில் ஒரு செல்வன், சந்தனக் கட்டையாற் கடைந்த பாத்திரத்தை உயர்ந்த மூங்கிலின் நுனியிற் கட்டி, இருத்தி வல்லவர் எடுத்துக்கொள்க என்றான். பிண்டோல பாரத்துவாசர் வானில் எழுந்து அதனை எடுத்தார் என்றும், ஊரார் ஆரவாரித்தனர் என்றும் விநய பிடகம் கூறுகின்றது. பகவன் அவரைப் பாராட்டவில்லை. கடிந்துரைத்து, அப்பாத்திரத்தை உடைத்துப் பொடியாக்கிக் கண் மருந்துக்குக் கொடுக்குமாறு பணித்தார். இல்லறத்தார்முன் அற்புதங்காட்டல் குற்றமென விதித்தார்.

நாளந்தையில் கேவட்டன் என்னும் இல்லறத்தான், பிக்குகள் அற்புதம் காட்டினால் மக்கள் மிகுதியாகத் தம்மத்தைச் சார்வர் என்று வேண்டினான். பகவன் மறுத்தார். அற்புதத்தைக் கண்டு சொன்னாலும், நம்பாதவன் 'இது காந்தாரி வித்தை' என்று எளிதிற் கூறிவிடுவான். போதித்து ஒருவனைத் திருத்துவதே மெய்யான அற்புதம் என்பது அவர் விடையின் சாரம். அங்குத்தர நிகாயமும், சகுனத்தை நம்பி வினையை நம்பாமை உபாசகனுக்கு இழுக்காகும் என்று எண்ணிச் சொல்லுகின்றது. நற்சொல், நற்செயல், முயற்சி ஆகிய இவற்றாற் பலன் வரும் என்பவன், எலுமிச்சம்பழத்தாற் பலன் வரும் என்றும் கூடவே எண்ணுவானாயின், இரண்டு தோணியிற் கால் வைத்தவனாவான்.

3. ஆராய்ந்து பார்த்தல்

நூல் சொல்லிற்று என்பதற்காக மட்டும் ஏற்க வேண்டுவதில்லை. பொருளை நாமே உரைத்துப் பார்ப்போம்.

முச்சந்தியிற் கிடந்த எலுமிச்சம்பழத்தை மறுநாள் எடுப்பவர் யார்? மாநகராட்சித் துப்புரவுப் பணியாளராகிய பௌரகார்மிகப் பெண்மணி. அவர் அதனைத் தாண்டுவது மட்டுமன்று, பெருக்குகின்றார், கையால் அள்ளுகின்றார், வண்டியிற் கொட்டுகின்றார். நாள்தோறும் நகரம் முழுவதிலும் கழிக்கப்பட்ட திருஷ்டியெல்லாம் அவர் கையிலேயே சேருகின்றது. தாண்டினவனுக்கே தீங்கென்றால் அள்ளினவர் ஒருநாளும் பிழைத்திருத்தல் இயலாது. அவரை வருத்துவன குறைந்த கூலியும், குப்பையின் நோயும், கையுறையின்மையுமேயாம்.

மாரணம் மெய்யாயின் அதனைச் சோதிக்க முடியும். 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் அத்தகைய சோதனை ஒன்று தொலைக்காட்சியில் நாடறிய நடந்தது. மந்திரத்தாற் கொல்ல வல்லேன் என்ற ஒரு தாந்திரீகரிடம், பகுத்தறிவாளர் சனல் இடமருகு, என்னையே கொல்லும் என்று அமர்ந்தார். பல மணி நேரம் மந்திரம் ஓதியும் நீர் தெளித்தும் நள்ளிரவில் வேள்வி வளர்த்தும் ஒன்றும் நிகழவில்லை. அமர்ந்தவர் சிரித்தபடி எழுந்தார். இலங்கையில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமற்ற நிலையில் இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றலைக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963ஆம் ஆண்டு அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் வென்றாரில்லை.

பின் மாந்திரீகன் நம் கண்முன் காட்டுவன யாவை? செம்பருத்திப் பூவைக் கத்தியில் தேய்த்து உலர்த்தி, அதனால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் பழத்தின் புளிப்புப் பட்டுச் சாறு சிவக்கும். அதனை இரத்தம் என்பான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுப் பொடியின்மேல் கிளிசரினை விட்டால் சற்று நேரத்தில் தானே தீப்பற்றும்; கிளிசரினை நெய் என்றும், தீயை மந்திரத்தின் வலிமை என்றும் கூறுவான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தாற் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். அதே வித்தையை வேறோர் இடத்திற் செய்தால் நாம் நடுங்குவது ஏன்?

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். செய்வினை பொய்யாயினும் அச்சம் பொய்யன்று. தனக்கு வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறவன் உறக்கமிழப்பான், உணவை வெறுப்பான், உடல் மெலிவான். வால்டர் கேனன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர், சபிக்கப்பட்டோம் என்று நம்பிய மாந்தர் அச்சத்தாலேயே உயிர்விடுவதாக வந்த செய்திகளை 1942ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஆதலால் அஞ்சி வருபவரை எள்ளி நகையாடுதல் தகாது. அவர் துன்பம் மெய். அவர் சொல்லும் காரணமே பொய்.

4. மெய்யான தீங்கு எங்கே உள்ளது?

காரணத்தைத் தவறாகக் கொண்டவன் மருந்தையும் தவறவிடுவான். யான் பஞ்சாலையில் உழைத்த நாளில், எந்திரத்துப் பட்டையிற் கை சிக்கித் தொழிலாளர் காயமுறுவதுண்டு. உடனே பூசணிக்காய் உடைக்கப்படும். எந்திரத்துக்குக் கண் பட்டதென்பர். பட்டையை மூடவேண்டிய இரும்பு மறைப்பு ஏன் இல்லை என்று கேட்பார் அரியர். பூசணிக்காயின் விலை சில ரூபாய். மறைப்பின் செலவு அதனினும் மிகுதி. கண்ணேற்றின்மேற் பழி போனவரையில் மேலாளர்க்குத் தொல்லையில்லை. அடுத்த திங்களிலும் அதே பட்டை, வேறொருவர் கை.

நம் நகரத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1898ஆம் ஆண்டு பிளேக்கு நோய் பெங்களூரிற் புகுந்து, நகரிலும் கண்டோன்மென்டிலும் பல்லாயிரவரை வாட்டியது. அஞ்சிய மக்கள் அம்மனை வேண்டினர். பிளேக்கு மாரியம்மன் என்னும் பெயராலேயே எழுந்த கோயில்கள் இன்றும் உள்ளன. வேறு வழி அறியாத மக்களின் கண்ணீரை நாம் பழித்தல் கூடாது. ஆயினும் நோயின் காரணம் வேறிடத்தில் வெளிப்பட்டது. அதன் கிருமியை 1894இல் ஆங்காங்கில் எர்சின் கண்டார். எலியின் உண்ணியாகிய தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகின்றதென 1898இல் சீமோன் கண்டார். எலி புகாத வீடும், காற்றோட்டமுள்ள தெருவும், தடுப்பூசியும் வேண்டுமென்பது அதன்பின் தெளிவாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள பிரேசர் டவுன் அக்கருத்தோடு அமைக்கப்பட்ட குடியிருப்பேயாகும்.

இனிப் பேய் பிடித்தவர் என்று சொல்லப்படுவோரை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயுற்றோரைத் தருகாவின் அருளால் குணமாக்க உறவினர் கொண்டுவந்து விடுவர். அவர்களைக் காக்கவெனத் தனியார் பலர் விடுதிகள் நடத்தினர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய விடுதி ஒன்றில் தீப்பற்றியது. ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். ஏனெனில் அவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் கொன்றது எந்தப் பேய்? தீயும் சங்கிலியுமே. அவர்க்கு வேண்டியிருந்தது மருத்துவரும், மாத்திரையும், பொறுமையுள்ள ஒரு வீடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விதித்துள்ளது.

கேரளத்துப் பத்தனம்திட்டை மாவட்டத்தில் இலந்தூர் என்றோர் ஊர். அங்கே 2022ஆம் ஆண்டில் பரிசுச்சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைப் பெண்கள் இருவர், ஒரு வீட்டாரின் செல்வம் பெருக நரபலியாகக் கொல்லப்பட்டனர் என்று காவல்துறை குற்றஞ்சாட்டியது. அவருள் ஒருவர் தருமபுரியிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழ்ப்பெண். அதே 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கொலைகளில் 85 சூனியத்தைக் காரணமாகக் கொண்டவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. சூனியக்காரி என்று பட்டஞ்சூட்டப்படுவோர் பெரும்பாலும் யார்? கணவனை இழந்தவள், துணையற்ற கிழவி, சிறு நிலம் உடையவள். சூனியத்தாற் செத்தவர் என்று மெய்ப்பிக்கப்பட்டவர் எவருமில்லை. சூனியத்தின்மீதுள்ள நம்பிக்கையாற் கொல்லப்பட்டவரோ ஆண்டுதோறும் எண்ணப்படுகின்றனர்.

நம் முன்னோர்க்கு இதில் தனியொரு பங்குண்டு. மலபார்ப் பகுதியில் 'ஒடி' என்னும் கொலை வித்தை பறையர் மக்களிடம் உண்டென்று மேற்சாதியார் நம்பினர்; எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப்பற்றிய நூலிலும் அது பதிவாயுள்ளது. தெருவில் நடக்கவும் குளத்தில் நீரெடுக்கவும் உரிமையற்றவனிடம், நினைத்தமாத்திரத்தில் ஊரைக் கொல்லும் ஆற்றல் இருந்ததாம். இருந்திருந்தால் அவன் அடிமையாய் இருந்திருப்பானா? மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஐயம் அவன் குடிசையின்மேல் விழுந்தது. அவன் முதுகில் அடியும் விழுந்தது. தீட்டு என்பதும் சூனியம் என்பதும் ஒரே கையாற் கட்டிய இரு முடிச்சுகள். தீட்டை அறுத்தெறிந்து தம்மத்துக்கு வந்த நாம், மற்ற முடிச்சை நம் அண்டைவீட்டாள் கழுத்திற் போடலாமா?

5. சட்டம் கூறுவது

மராட்டியத்தில் மூடப்பழக்கங்களை எதிர்த்துப் பல்லாண்டு உழைத்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே அங்குச் சட்டம் வந்தது. கருநாடகத்தில் அறிஞர் கலபுர்கி 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தார்வாடில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்டார். இம்மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், மனிதத்தன்மையற்ற தீய வழக்கங்களையும் மாந்திரீகத்தையும் தடுக்கின்றது. அது 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பேயோட்டுவதாகக் கூறிக் கட்டுதலும் அடித்தலும், புதையலுக்காகக் கொடுமை புரிதலும், பாம்போ நாயோ தேளோ கடித்தவரை மருத்துவமனைக்கு விடாது தடுத்து மந்திரித்தலும், பிறர் உண்ட எச்சிலிலைமேல் உருளச் செய்தலும் அதன்படி குற்றங்கள். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், 5,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. வழிபாட்டையும், சோதிடரின் ஆலோசனையையும் அச்சட்டம் தொடவில்லை. ஆகவே சட்டம் நம்மை ஓரெல்லை வரையிலேயே காக்கும். மீதி வழியை நம் அறிவே கடத்தல் வேண்டும்.

6. ஓர் ஐயம்

"பௌத்த நாடுகளில் மட்டும் இவை இல்லையோ? இலங்கையில் பிரித் ஓதி நூல் கட்டுகின்றனரே, அது தாயத்தன்றோ?" என்று கேட்பாருமுளர். முறையான கேள்வியே. பௌத்த நாடுகளிலும் பேயோட்டும் சடங்குகள் உள்ளன, மறைத்துப் பயனில்லை. பிரித் என்பது யாதெனப் பார்ப்போம். காட்டில் தவமிருந்த பிக்குகள் மரத்துத் தேவதைகளின் கொடிய தோற்றங்களுக்கு அஞ்சி ஓடிவந்தபோது பகவன் மெத்த சூத்திரத்தை உபதேசித்தார் என்று உரையாசிரியர் கூறுவர். அவர்க்கு எதிர்மந்திரமோ தகடோ கொடுக்கப்படவில்லை. அஞ்சிய பொருளின்மீதே அன்பு செலுத்துமாறு சொல்லி, அதே காட்டுக்கு அனுப்பினார். அன்பு வந்த உள்ளத்தில் அச்சத்துக்கு இடமில்லை. அந்நினைவை உண்டாக்கும்வரையில் நூல் நூலாயிருக்கும். நூலே காக்கும் என்று எண்ணிய நொடியில் அது தாயத்தாகிவிடும்.

7. நாம் செய்யத்தக்கன

முதலாவது, வீட்டில் சண்டையிடலாகாது. ஒருகால் பகவன் தும்மியபோது பிக்குகள் "நீடு வாழ்க" என்று முழங்கினர். அவ்வாறு சொன்னதனால் ஒருவன் வாழ்வதோ சாவதோ உண்டோ என்று வினவி, அவ்வழக்கத்தை அவர் விலக்கினார். பின்னர்ப் பிக்குகள் தும்மியபோது இல்லறத்தார் வாழ்த்த, இவர்கள் வாளாவிருந்தனர். மக்கள் மனம் வருந்தினர். அதனை அறிந்த பகவன், இல்லறத்தார் மங்கலம் விரும்புவோர், அவர் வாழ்த்தினால் நீங்களும் வாழ்த்துங்கள் என்று இசைந்தார். பேரனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும் பாட்டியிடம் நாம் கற்கவேண்டிய பொறுமை இதுவே. அவள் செய்வது அன்பு. அன்பை ஏற்றுக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சலாயின் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

இரண்டாவது, நோய்க்கு மருத்துவம். உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், தனக்குள் பேசுதல், உயிரை வெறுத்தல் ஆகியன ஏவலின் அறிகுறிகள் அல்ல, மனநோயின் அறிகுறிகளாயிருக்கலாம். நம் நகரத்திலேயே நிம்ஹான்சு என்னும் பெரிய மனநல மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மாந்திரீகனுக்கு முதற்பணம் அனுப்புமுன் இவ்வெண்ணை அழையுங்கள்.

மூன்றாவது, பெயர் கேளாதிருத்தல். "உங்களுக்கு வேண்டியவரே வைத்துவிட்டார்" என்று குறிசொல்வோன் கூறும்போது, "யார்?" என்ற வினா நம் நாவின் நுனிக்கு வரும். அவ்வினாவே அவன் விதைத்த விதை. விடையை அவன் சொல்ல வேண்டுவதில்லை. நாமே ஒரு நாத்தியையோ பக்கத்து வீட்டாளையோ நினைத்துக்கொள்வோம். அன்று முதல் அவள் கொடுத்த குழம்பும் நஞ்சாகும். வெறுமையாய் இருந்த சூனியத்தில் பகையை நிரப்புவது இவ்விடத்திலேதான். பொய் கூறாமை நம் சீலங்களுள் ஒன்று. சான்றின்றி ஒருவரைச் செய்வினைக்காரர் என்பது கொடிய பொய்.

இறந்த குழந்தையைச் சுமந்து மருந்து கேட்டுவந்த கிசாகோதமியிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டுவா என்றார் பகவன். திருஷ்டிக்கு நாம் சுற்றும் அதே கடுகு. அதனைத் தலையைச் சுற்றி நெருப்பிலிடச் சொல்லவில்லை. அவள் வீடுவீடாகச் சென்றாள். எல்லா வீட்டிலும் கடுகிருந்தது, எல்லா வீட்டிலும் சாவும் நேர்ந்திருந்தது. பிறர் வாயிலில் நின்று அவர் துயரைக் கேட்டதே அவளுக்கு மருந்தாயிற்று. நாமும் ஐயத்தோடு பார்த்த வாயிலை ஒருமுறை தட்டி, நலமா என்று கேட்போமாக. அனைத்துயிர்களும் அச்சமின்றி வாழ்க.

பயிற்சி வினாக்கள்

1. சூனியம் என்னும் சொல்லுக்குப் பௌத்த நூல்கள் கூறும் பொருள் யாது?

2. சந்தனப் பாத்திரத்தை உடைக்குமாறு பகவன் பணித்தது ஏன்?

3. ஏர்வாடியில் மாண்டவர்க்கு மெய்யாக வேண்டியிருந்தவை யாவை?

4. குறிசொல்வோன் கூறும்போது "யார்?" என்று ஏன் வினவலாகாது? இதனை உங்கள் வீட்டில் உள்ளோர்க்கு எங்ஙனம் எடுத்துரைப்பீர்?